புஷ்ஷோடு உருகிய இரும்பு

இரண்டாவது சக்கரத்தின் பல் உடைந்தது ஆற்றின் நட்டநடுவில்.

அது பெரிய தட்டைப் படகு. கரைக்குக் கரை கட்டியிருக்கும் கம்பி வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். வடத்தை இழுக்கும் விஞ்சுக்குள் சாப்பாட்டு மேசை அகலத்தில் ஒரு பல்சக்கரம் உண்டு. அதில் இரண்டு பல் பெயர்ந்து தண்ணீரில் விழ, நாற்பத்து மூன்று பேரோடும், ஒரு பால் வண்டியோடும், யாரோ பழுது பார்க்கக் கொண்டுபோன தையல் மிஷினோடும் படகு நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் வெயில் மண்டையைப் பிளந்தது. படகிலிருந்த பாட்டு டீச்சர், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று எல்லோருக்கும் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கையாலேயே வடத்தை இழுத்து இழுத்துக் கரை சேர்ந்தபோது நாற்பத்து மூன்று பேரும் அதைச் சுருதி பிசகாமல் பாடினார்கள். பாடாத ஒரே ஆள் படகை ஓட்டியவன்தான்.

அவன் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மூன்றாவது பல் தட்டியதும் கையோடு வந்துவிட்டது. அதைத் துண்டில் முடிந்து எடுத்து வந்து லேத்து மேல் வைத்தான்.

"பாருக்கா. உங்க வீட்டுச் சாமான். பத்திரமாத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அதை எடுத்துப் பார்த்தாள். ஊரில் அவளுக்கு லேத்தம்மா என்று பெயர். கல்யாணமாகி வந்த வருஷம், லேத்து ஓட்டுகிறவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, 'அவர் வரும்வரை நான் பார்க்கிறேன்' என்று போய் நின்றவள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, அவர் இன்னும் வரவில்லை. முன்கட்டில் அவளுடைய லேத்தும் பல் வெட்டும் மெஷினும், பின்கட்டில் கணவரின் உலை, நடுவில் சமையலறை. பின்னால் வார்ப்பது முன்னால் கடைசலுக்கு வரும். அவர் ஊற்றிய இரும்பு எப்படி என்று முதலில் தெரிந்துகொள்வது அவள் கைதான்.

உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். கரி போல ஒட்டியது. பெரிய பெரிய பொருக்காக, கறுத்துப் போயிருந்தது.

"மெழுகு," என்றாள். "அன்னைக்கே சொன்னேன், வெட்டும்போதே மெழுகு மாதிரி போகுது, தாங்காதுன்னு. யார் கேட்டா?"

பின்கட்டிலிருந்து அவள் கணவர் மேஸ்திரி வந்தார். வார்ப்பில் கைதேர்ந்தவர். கண்புருவம் இரண்டும் எப்போதோ உலைச்சூட்டில் பொசுங்கிப் பாதிதான் திரும்ப முளைத்திருந்தன. அதனால் எந்நேரமும் ஆச்சரியப்படுகிறவர் போலத் தெரிவார்.

"முதல் சக்கரத்தைக் கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னா. ரெண்டாவது மெழுகு. மாப்ளே, உங்க அக்காகிட்ட கேளு, அவங்களுக்கு எதுதான் வேணுமாம்?"

"தம்பி, அவர்கிட்ட சொல்லு. கல்லுக்கும் மெழுகுக்கும் நடுவுல இரும்புன்னு ஒண்ணு இருக்கு. அது வேணும்."

"ரெண்டு பேரும் எனக்கு எதிர்லதான் நிக்கறீங்க. நான் எதுக்கு நடுவுல?" என்றான் தம்பி.

அவர்கள் நேருக்கு நேர் பேசி நான்கு நாள் ஆகியிருந்தது. பழைய சக்கரம் முப்பது வருஷம் உழைத்துத் தேய்ந்து உடைந்தபின், மேஸ்திரி முதலில் வார்த்தது படகுக்கே போகவில்லை. மண் அச்சுக்குள் பல் இருக்கும் ஓரங்கள் சீக்கிரம் ஆறியதால் இரும்பு அங்கே வெள்ளை பாய்ந்து கல்லாகிவிட்டது. உடைத்துப் பார்த்தால் உப்புக்கட்டி போல மினுங்கும். லேத்தம்மாவின் வெட்டு உளி அதில் பட்டதும் கிறீச்சிட்டு முனை பொசுங்கியது. மூன்று உளி போனபின், "உங்க இரும்பா, என் உளியா, எது மட்டம்னு பார்த்துடலாம்" என்றாள். அவர், "உளி பிடிக்கற கை" என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. இரண்டாவது முறை அவர் வீம்புக்கு சிலிக்கான் கட்டியை உலையில் கைநிறைய வாரிப் போட்டார். வெள்ளை போயிற்று. கூடவே பலமும் போயிற்று.

"சண்டையை அப்புறம் வச்சுக்குங்க," என்றான் தம்பி. "படகுத்துறை ஆபீசர் கரையிலயே நின்னு சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்துட்டார். அன்னைக்குப் படகு ஓடலேன்னா, துறையையே மூடிட்டு எல்லாரையும் தூரத்துப் பாலம் வழியாச் சுத்திப் போகச் சொல்லிடுவாராம். பஸ்ல மூணு மணி நேரம். அந்தக் கரை நர்சம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, பால்காரர், அத்தனை பேரும். நானும் வேற வேலை தேடிக்க வேண்டியதுதான்."

அன்று செவ்வாய்க்கிழமை.

லேத்தம்மா கதவருகே போனாள். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்திருந்தாள். அதைத் தூக்கி வந்து, உடைந்த பல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?" என்று கேட்டாள். தம்பியைப் பார்த்துத்தான் கேட்டாள், ஆனால் கேள்வி யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். "போன மழைக்காலத்துல மாவு மில்லுக்கு ஒரு புல்லி வார்த்தோம். அதுல மிஞ்சின துண்டு. அந்த இரும்பை வெட்டினப்போ எனக்கு மெஷினை விட்டு இறக்கவே மனசு வரலை. சீவல் பொடிப்பொடியா, சீராக் கொட்டுச்சு. வெட்டின இடத்துல முகம் பார்க்கலாம். ஓரத்துல துளி வெள்ளை கிடையாது, நடுவுல மெழுகும் கிடையாது. அதே உலை, அதே ஆளு. அன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

மேஸ்திரி துண்டை ஒருமுறை பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"எப்பவும் போடறதுதான் போட்டேன்," என்றார்.

"எப்பவும் போடறதைப் போட்டா எப்பவும் வரணுமே."

"அப்ப என் கைராசி."

"கைராசி வருஷத்துக்கு ஒரு நாள்தான் வேலைக்கு வருமா?"

தம்பி சிரிப்பை அடக்கக் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். நான்கு நாளுக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிவிட்டோம் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மகள் ஒருத்தி இருந்தாள். தொழில்நுட்பக் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை. உலோகத் துண்டுகளைக் கண்ணாடி போல மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்பது, இழுத்துப் பார்ப்பது, என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எல்லாம் அவள் கையில். மறுநாள் காலை கதவுத் துண்டிலிருந்து ஒரு சில்லும், உடைந்த பல்லிலிருந்து ஒரு சில்லுமாகக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். "பை கனக்குதேன்னு பார்த்தா, பாதி இரும்பு," என்று அலுத்துக்கொண்டாள்.

அன்று பகலெல்லாம் மேஸ்திரி ஒரு வேலை செய்தார். உலையைச் சின்னதாக மூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி, விரல் நீளத்துக்கு ஆப்பு வடிவத்தில் வார்த்து வார்த்து உடைத்துப் பார்த்தார். ஆப்பின் கூர்முனைதான் முதலில் ஆறும். வெள்ளை பாய்வதென்றால் அங்கேதான் பாயும். லேத்தம்மா லேத்தில் நின்றபடி, ஒவ்வொரு ஆப்பும் சம்மட்டியில் உடையும் சத்தத்தை எண்ணினாள். பதினொன்று. மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் டீயும் கொண்டுபோய் மண்குவியல் மேல் வைத்தாள். ஆப்புத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கூர்முனை வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது.

"ஒண்ணு புடிபட்டுச்சு," என்றார் அவர், முட்டையை உரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு. "சிலிக்கானை உலையில முதல்லயே போட்டா, ஊத்தறதுக்குள்ள அதோட வேகம் அடங்கிப் போயிடுது. அதனாலதான் அள்ளிக் கொட்டினேன், இரும்பு மெழுகாயிடுச்சு. மிளகு அளவுக்கு உடைச்சு, உருகின இரும்பு உலையில இருந்து லேடில் வாளியில விழும்போது தூவி, உடனே அச்சுல ஊத்திடணும். ஒரு கைப்பிடி போதும். இதோ பாரு, கடைசி ஆப்பு. நூல் அளவுதான் வெள்ளை."

அவள் பார்த்தாள். உண்மைதான். "ஓரம் சரியாயிடுச்சு. பலம்?"

"பலத்துக்குத்தான் வழி தெரியலை," என்று ஒப்புக்கொண்டார். முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவளிடம் நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பே மகள் வந்துவிட்டாள். எல்லோரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பியும் இருந்தான், படகு நின்றதிலிருந்து மூன்று வேளையும் அங்கேதான். மகள் ஃபோனில் எடுத்துவந்த இரண்டு படங்களைத் தட்டுக்கு நடுவில் வைத்துக் காட்டினாள்.

"இது உடைஞ்ச பல்லு. கறுப்பா, தடித்தடியா, புழு நெளியற மாதிரி இருக்கறது கரி. சுத்தி வெள்ளை வெளேர்னு இருக்குல்ல, அது ஓரத்துல பாயற கெட்டி வெள்ளை இல்ல, வெறும் இரும்பு. மெத்துனு இருக்கும். கரி ஒரு பக்கம் கிழிக்குது, இது தாங்கிப் பிடிக்கறதில்லை. இப்ப இதைப் பாருங்க. கதவுத் துண்டு. கரி சின்னச் சின்னதா, பரவலா இருக்கு. அந்த மெத்து வெள்ளையே கிடையாது. சுத்தி எல்லாம் கைரேகை மாதிரி கோடு கோடா அடுக்கியிருக்கு. மெல்லிசா ஒரு அடுக்கு கெட்டி, ஒரு அடுக்கு மெது. அந்த அடுக்குதான் பலம்."

"ஒரே இரும்பு, எப்படிம்மா ரெண்டு விதமா அடுக்கிக்கும்?" என்றான் தம்பி.

"ஒரே இரும்பு இல்ல மாமா. நல்ல துண்டுல செம்பும் வெள்ளீயமும் கலந்திருக்கு. செம்பு நூறுல ஒரு பங்கு கூட இல்ல. வெள்ளீயம் அதுலயும் பத்துல ஒரு பங்கு. அவ்வளவு துளிதான். ஆறும்போது அந்த மெத்து வெள்ளை உண்டாக விடாம அதுதான் தடுத்திருக்கு. எங்க சார் கேட்டார், 'உங்கப்பா இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சேர்க்கறாரா'ன்னு."

மேஸ்திரி தட்டிலிருந்த சோற்றை வெகு அக்கறையோடு பிசைந்துகொண்டிருந்தார்.

லேத்தம்மாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். நாள் தவறாமல் வெண்கலப் புஷ் கடைகிறவள் அவள். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய எஞ்சின் சாமான்களில் தண்டு சுழலும் ஓட்டைக்குள் ஒரு மஞ்சள் வளையம் செருகியிருக்கும், அதுதான் புஷ். உடைசல் இரும்பு வந்ததும் மேஸ்திரி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சுத்தியால் ஒவ்வொரு புஷ்ஷாகத் தட்டி வெளியே தள்ளிய பிறகுதான் உலையில் போடுவார். "என் உலைக்குள்ள இரும்பைத் தவிர இன்னொண்ணு போகாது" என்பது இருபது வருஷமாக ஊர் கேட்ட பேச்சு.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "அன்னைக்கு புஷ் எடுத்தீங்களா?"

"எடுக்காம?"

"எடுத்தீங்களா?"

மேஸ்திரியின் பாதிப் புருவங்கள் மேலே ஏறின, இறங்கின.

"அன்னைக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு," என்றார். "மழை வேற. ஸ்டூல்ல உட்கார்ந்தா எந்திரிக்க முடியலை. மில்லுக்காரர் வாசல்ல வந்து நிக்கறார். ரெண்டு கிலோவோ என்னவோ இருக்கும், அந்த மஞ்சள் சனியன். யாருக்குத் தெரியப்போகுதுன்னு அப்படியே அள்ளிப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட கூடச் சொல்லலை."

"எப்படிச் சொல்றது? நீ அந்த இரும்பைத் தடவித் தடவிப் பார்த்துட்டு, 'இதுதாங்க உங்க கை'ன்னு சொன்னே. அப்புறம் எந்த வாயால சொல்லுவேன், அது என் கை இல்ல, இடுப்புன்னு?"

முதலில் சிரித்தது தம்பி. புரையேறி, மகள் அவன் முதுகில் தட்டினாள். லேத்தம்மா அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துச் சிரித்து, சோற்றுக் கையோடு சுவரில் சாய்ந்து, கண்ணீரை முழங்கையால் துடைத்தாள். மேஸ்திரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவர் தொப்பையும் குலுங்க ஆரம்பித்தது.

"போதும், சிரிச்சது போதும்," என்றாள் லேத்தம்மா கடைசியில். "நாளைக்கு மறுபடியும் சோம்பேறியா இருங்க. ஆனா இந்தத் தடவை எடை போட்டு."

வியாழக்கிழமை காலை அவர், தட்டி எடுத்த புஷ்களைச் சேர்த்துவைத்த டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினார். இருநூறு கிலோ இரும்புக்கு இரண்டு கிலோ வெண்கலம் என்று மகள் கணக்குச் சொல்லியிருந்தாள். அவர் தராசை எடுக்கப் போனார், லேத்தம்மா தடுத்தாள்.

"பொறுங்க. எல்லாத்தையும் போடக் கூடாது."

"வெண்கலம்னா வெண்கலம்தானே?"

"இல்லை. இதுல சிலதுல காரீயம் கலந்திருக்கும், வழுக்கறதுக்காக. காரீயம் துளி போனாலும் கரி முள்ளு முள்ளா வளர்ந்து இரும்பைக் கிழிச்சுடும்னு உங்க பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா."

"எது எதுல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒவ்வொண்ணா காலேஜுக்கு அனுப்பவா?"

"எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

ஒவ்வொரு புஷ்ஷாக லேத்தில் பிடித்து ஒரு சீவு சீவினாள். நல்ல வெண்கலம் கொஞ்சம் முரண்டு பிடித்து, சுருண்டு வரும். காரீயம் கலந்தது எதிர்ப்பே இல்லாமல் அவல் மாதிரி உதிரும். விரலால் தேய்த்தால் சாம்பல் மை ஒட்டும். டப்பாவிலிருந்த நாற்பத்தாறில் பதினேழைத் தள்ளி வைத்தாள். மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவர் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. அவருக்கு எப்போதும் பின்கட்டில் உலை எரிந்துகொண்டிருக்கும்.

"கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவே போலிருக்கே," என்றார்.

"மூடினா இன்னும் நல்லாத் தெரியும். கைப்பிடியிலயே தெரியும்."

பத்து மணிக்கு உலை மூட்டினார்கள். வானம் மூட்டமாக இருந்தாலும் மழை இல்லை. ஊதுகாற்றின் இரைச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. கூலியாட்கள் இருவரும் மேஸ்திரியும் சங்கிலியில் தொங்கிய லேடிலைப் பிடிக்க, லேத்தம்மா கையில் மிளகளவு உடைத்த சிலிக்கானோடு நின்றாள். தம்பியும் உதவிக்கு வந்திருந்தான். ஊற்றும்போது அச்சு தூக்கிக்கொள்ளாமல் இருக்க, அதன் மேல் கனத்தை ஏற்றிவைக்க அவனைச் சொன்னார்கள். இரும்பு மஞ்சளும் வெள்ளையுமாகக் கண் கூசக் கொட்டியது. முதலில் வெண்கலத் துண்டுகளை லேடிலுக்குள் போட்டார்கள். போட்ட சுவடே தெரியாமல் விழுங்கிக்கொண்டது. மேஸ்திரி தலையசைத்தார். அவள் இரும்பு விழும் தாரையிலேயே சிலிக்கானைத் தூவினாள். பொறி பூவாகச் சிதறியது. கழிவை ஒதுக்கி, சின்ன ஆப்பு ஒன்றும், இழுத்துப் பார்க்கத் தடியாக ஒரு கம்பியும் ஊற்றிவிட்டு, மிச்சத்தை நிறுத்தாமல் சக்கர அச்சுக்குள் இறக்கினார்கள். மண்ணின் ஓரங்களில் நீலச்சுடர்கள் எழுந்து ஆடின.

ஆப்பு ஆறியதும் மேஸ்திரி சம்மட்டியை அவளிடம் நீட்டினார். "நீயே உடை."

ஒரே அடி. இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் பிடித்தார்கள். முனை வரைக்கும் ஒரே சாம்பல் நிறம். பட்டுத் துணி நெசவு போல நெருக்கமான பொடிமணிகள். தம்பி எட்டிப் பார்த்தான். "இது நல்லதா, கெட்டதா?" மேஸ்திரி மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் மண்ணுக்குள்ளேயே கிடந்து ஆறியது. வெள்ளிக்கிழமை காலை வெளியே எடுத்து, மண்ணைத் தட்டி, சங்கிலியில் தூக்கி மெஷினில் ஏற்றினார்கள். லேத்தம்மா உளியைக் கொண்டுபோய் அதன் ஓரத்தில் வைத்தபோது, மேஸ்திரி வாசற்படியில் நின்று மேல்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். உளி பட்டது. கிறீச்சில்லை. வழுக்கவுமில்லை. 'சர்ர்' என்று ஒரே சுருதியில் ஒரு சத்தம், பொடிப்பொடியாகச் சீவல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கைப்பிடியில் ஒரே பிடிமானம்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"பேசாதீங்க," என்றாள். "கேட்டுக்கிட்டிருக்கேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் எழுபத்திரண்டு பல்லும் வெட்டி முடித்தாள். ஓர் உளிகூடப் போகவில்லை. நடுவில் கல்லூரியிலிருந்து மகள் ஃபோன் செய்தாள். கம்பியை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். மெழுகு இரும்பை வார்த்தபோது ஊற்றிய கம்பி, மெஷினின் முள் ஐந்து டன்னைத் தொட்டதுமே அறுந்திருந்தது. இது எட்டைத் தாண்டி, கூடக் கொஞ்சம் போய்த்தான் அறுந்ததாம். அவளுடைய சார் மெஷின்தான் தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு தடவை சோதிக்கச் சொன்னாராம்.

"அறுந்துதான் போச்சா?" என்று கவலையோடு கேட்டார் மேஸ்திரி.

"அறுக்கறதுக்குத்தாம்ப்பா இழுக்கறதே," என்றாள் மகள்.

சனிக்கிழமை காலை சக்கரம் விஞ்சுக்குள் ஏறியது. படகுத்துறை ஆபீசர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். இந்தக் கரையில் நூறு பேர், அந்தக் கரையில் அதற்கும் மேல். ஆனால் படகில் ஏற யாரும் முன்வரவில்லை. நடு ஆற்றில் மூன்று மணி நேரம் காய்ந்தவர்கள் அதற்குள் ஊர் முழுக்கக் கதை சொல்லியிருந்தார்கள்.

லேத்தம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பலகை வழியே ஏறிப்போய், விஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே மேஸ்திரி. அதைப் பார்த்துப் பால்காரர் வண்டியை உருட்டினார். அப்புறம் நர்சம்மா. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக முப்பது பேர்.

தம்பி நெம்புகோலைத் தள்ளினான். வடம் விறைத்தது. படகு ஒருமுறை குலுங்கிவிட்டு நகர்ந்தது. மேலே மலையில் பெய்த மழையால் ஆறு நிறைந்து, செம்மண் நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளியபோது விஞ்சின் சத்தம் கனத்தது. லேத்தம்மா உள்ளங்கையை விஞ்சின் கூட்டில் வைத்திருந்தாள். பல்லும் பல்லும் கடிக்கும் அதிர்வு சீராக, ஒன்றுபோல ஏறியது.

"என்ன சொல்லுது?" என்று அவர் காதருகே கேட்டார்.

"நல்லா சாப்பிட்டுட்டு வேலை செய்யற ஆளு மாதிரி இருக்கு."

அந்தக் கரையில் முட்டியபோது கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தம்பியை இரண்டு பேர் தோளில் தூக்கப் பார்த்து, அவன் கனம் தாங்காமல் இறக்கிவிட்டார்கள். பால்காரர் மேஸ்திரியிடம் வந்தார்.

"மேஸ்திரி, இந்தத் தடவை அப்படி என்னதான் போட்டீங்க?"

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் ரகசியம் என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அது ஒரு பெரிய கதை. எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு, அதுல ஆரம்பிக்குது," என்றார். இறங்க வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். மழையைக் கொஞ்சம் பெரிதாக்கினார், இடுப்பு வலியை இன்னும் பெரிதாக்கினார். ஆனால் புஷ் எடுக்காததை மறைக்கவில்லை. காரீயம் எது, வெண்கலம் எது என்று ஒரே சீவலில் பிரித்த கை யாருடையது என்பதையும் விடவில்லை. அந்த இடம் வந்ததும் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். லேத்தம்மாவுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கதை முடிந்து கூட்டம் இறங்கியது. எதிர்க் கூட்டம் மூட்டையும் முடிச்சுமாக ஏறி உட்கார்ந்தது. படகு திரும்ப வந்து இந்தக் கரையில் நின்றது. மறுபடி எல்லோரும் இறங்கினார்கள், அவர்கள் இரண்டு பேரைத் தவிர.

"அக்கா, நம்ம கரை வந்தாச்சு. இறங்கலையா?" என்றான் தம்பி.

லேத்தம்மா கணவரைப் பார்த்தாள். அவர் விஞ்சுப் பக்கமே திரும்பவில்லை. வெயிலில் மினுங்கும் ஆற்றையும், அதற்கப்பால் பச்சையாகத் தெரிந்த கரையையும், முதன்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காலை நீட்டி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீ எடுப்பா வண்டியை," என்றாள். "நாங்க சும்மா இன்னொரு தடவை போயிட்டு வரோம்."